கேள்வியும் ஊர்ப் பொதுச் சொத்தே

ஏரி ஊருக்குப் பொது. அதன் நீரால் பயன் பெறுவோர் ஒன்றுகூடிக் கரையைச் செப்பனிடுவதைக் குடிமராமத்து என நம் முன்னோர் வழங்கினர். கணிப்பொறித் துறையிலும் இத்தகைய குடிமராமத்து ஒன்று நடந்து வருகிறது. அதுவே கட்டற்ற மென்பொருள்.

கணிப்பொறியை வேலை செய்விக்கும் கட்டளைத் தொகுதி மென்பொருள் எனப்படும். அதன் மூலத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமையுடன் வெளிவருவது கட்டற்ற மென்பொருளாகும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ஆம் ஆண்டில் இதற்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 1991 ஆகஸ்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவரும் இயக்குதளத்தில் என்னென்ன வசதிகள் வேண்டும் என்று கணிப்பொறி அன்பர்களிடம் கேட்டார். லினக்ஸ் உலகிற்கு அறிமுகமானது இவ்வாறு ஒரு கேள்வியோடுதான்.

இப்பணியில் தாம்பரம் வட்டாரத்திற்கும் பங்குண்டு. குரோம்பேட்டையில் 1949-இல் தோன்றிய எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும், சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து, 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை அமைத்தன. 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் அம்முயற்சியின் பயனே. சென்னை லினக்ஸ் பயனர் குழுவினரும் ஐ.ஐ.டி. வளாகத்தில் பல்லாண்டுகள் கூடி, ஒருவர் ஐயத்தை மற்றவர் தீர்த்து வந்தனர்.

இத்தகைய குழுக்களில் விடை கூறுவோர் ஊதியம் பெறுவதில்லை. தம் ஓய்வு நேரத்தைத் தருகின்றனர். ஆகவே, கேட்பவர் தம் பங்கைச் செய்தல் வேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். பஞ்சாயத்து அலுவலகத்தில் பழைய தீர்மானம் ஒன்றைக் கணிப்பொறியில் திறந்ததும், தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் தோன்றுகின்றன எனக் கொள்வோம். "கணிப்பொறி கெட்டுவிட்டது, உதவுங்கள்" என்று கேட்டால் எவராலும் விடை கூற இயலாது. கால்நடை மருத்துவரிடம் "மாட்டுக்குச் சுகமில்லை" என்று மட்டும் சொல்வதற்கு அது ஒப்பாகும். தீவனம் தின்கிறதா, எத்தனை நாளாக, என்ன மருந்து கொடுத்தோம் என்பவற்றைச் சொன்னால்தானே வைத்தியம் நடக்கும்?

எனவே கேள்வியில் ஐந்து விவரங்கள் இருத்தல் நலம். இயக்குதளம், மென்பொருள் ஆகியவற்றின் பெயரும் பதிப்பும் முதலாவது. செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நேர்ந்தது என்ன என்பவை அடுத்த மூன்று. இதுவரை முயன்று பார்த்த வழிகள் ஐந்தாவது. திரையில் பிழைச் செய்தி தோன்றினால் எழுத்து மாறாமல் எழுதுக. வரி செலுத்துவோரின் பெயர், ஆதார் எண், கடவுச்சொல் ஆகியவற்றை ஒருபோதும் பொதுவில் வெளியிடலாகாது.

"வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு இது, இக்கணிப்பொறியில் அவ்வெழுத்துரு இல்லை" என்ற விவரம் கிடைத்தால் விடை எளிதாகிவிடும். பழைய எழுத்துருக்கள் தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துக்களின் இடங்களில் வைத்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறி அங்கே ஆங்கிலத்தையே காட்டும். கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுவதே நிலையான பரிகாரம். தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது.

விடை கூறுவோர்க்கும் கடமையுண்டு. புதியவரின் அறியாமையை எள்ளி நகையாடினால் அவர் மறுமுறை வாய் திறவார். இன்ன கட்டளையை இடுக என்பதோடு, அது எதனால் பயன் தரும் என்பதையும் கூறுதல் வேண்டும்.

குறை நீங்கியதும் பலர் மௌனமாகி விடுகின்றனர். எந்த வழி பலித்தது என்பதைக் கேட்ட இடத்திலேயே எழுதி வைப்பதுதான் கேட்டவரின் கடைசிக் கடமை. நாளை இதே இடர் வேறோர் ஊரில் நேரும்பொழுது, அங்குள்ளவர் அதனைப் படித்துத் தாமே சரி செய்துகொள்வார். ஒருவரிடம் தனியே கேட்ட விடை அவ்விருவரோடு நின்றுவிடும். பலரறியக் கேட்ட விடையோ ஏரி நீர் போல எல்லா வயலுக்கும் பாயும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தம் ஊர் இளைஞர்களை இக்குழுக்களில் சேர ஊக்குவிப்பார்களாக. இன்று கேட்கும் இளைஞரே நாளை பிறருக்கு விடையளிப்பவராக உயர்வார்.