81 வருஷம் காத்திருந்த ஊர்: கோஸ்டா ரிகாவின் கார்தஹினேஸ் கிளப்பை ‘சாபம்’ பிடித்தது எப்படி? விட்டது எப்படி?

ஒரு கால்பந்து அணி கடைசியாகக் கோப்பை ஜெயித்தபோது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அடுத்த கோப்பை கைக்கு வந்தபோது உலகம் கொரோனாவிலிருந்து மீண்டுகொண்டிருந்தது. நடுவில் 81 ஆண்டுகள். அந்த அணியின் பெயர் கிளப் ஸ்போர்ட் கார்தஹினேஸ். மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவில், கார்தாகோ என்ற ஊரின் அணி.

பெரிய பணமோ உலகப் புகழோ இல்லாத அணி இது. ஆனாலும் “தோத்தாலும் நம்ம டீம்” என்று ஓர் ஊரே மூன்று, நான்கு தலைமுறையாகப் பின்னால் நின்றது. ஏன்? அதைப் புரிந்துகொள்ள முதலில் ஊரைப் பற்றிப் பார்க்க வேண்டும்.

தலைநகர் பதவியை இழந்த ஊர்

கார்தாகோ 1563-ல் ஸ்பானியர்கள் உருவாக்கிய நகரம். இராசு எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அடிக்கடி பனிமூட்டம் சூழும் ஊர் என்பதால் அணிக்கு ‘ப்ருமோசோஸ்’, அதாவது ‘மூடுபனிக்காரர்கள்’ என்று செல்லப்பெயர்.

ஸ்பெயின் ஆட்சிக்காலம் முழுக்க கோஸ்டா ரிகாவின் தலைநகர் இதுதான். 1821-ல் சுதந்திரம் கிடைத்ததும் ஒரு கேள்வி வந்தது: மெக்சிகோ பேரரசோடு சேர்வதா, குடியரசாக இருப்பதா? கார்தாகோ பேரரசின் பக்கம் நின்றது. சான் ஹோசே குடியரசின் பக்கம். 1823 ஏப்ரல் 5-ம் தேதி ஒச்சோமோகோ என்ற இடத்தில் இரு தரப்பும் மோதின. சான் ஹோசே ஜெயித்தது, தலைநகர் அங்கே போய்விட்டது.

இதில் வேதனை என்ன தெரியுமா? மெக்சிகோ பேரரசர் இதுர்பிதே மார்ச் மாதமே பதவி விலகிவிட்டார். அந்தச் செய்தி வந்து சேரும் முன்பே சண்டை முடிந்துவிட்டது. இல்லாத பேரரசுக்காகச் சண்டை போட்டு, இருந்த தலைநகர் பதவியை இழந்த ஊர் கார்தாகோ. இன்றும் அதற்கு ‘பழைய பெருநகரம்’ என்ற பட்டப்பெயர் உண்டு.

நான்கு வயதில் பூகம்பம்

1906 ஜூலை 1-ம் தேதி கார்தஹினேஸ் கிளப் தொடங்கப்பட்டது. நாட்டின் மிகப் பழமையான கால்பந்து கிளப்புகளில் இதுவும் ஒன்று. இன்று ‘பெரிய மூன்று’ என்று சொல்லப்படும் அலஹுவெலென்சே 1919-லும், எரெதியானோ 1921-லும், சாப்ரீசா 1935-லும்தான் வந்தன. வயதில் இதுதான் எல்லாருக்கும் அண்ணன்.

கிளப்புக்கு நான்கு வயது ஆகும்முன் பேரிடி. 1910 மே 4-ம் தேதி வந்த பூகம்பத்தில் நகரம் தரைமட்டமானது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மத்திய அமெரிக்க நாடுகள் தங்கள் வழக்குகளைத் தீர்க்க 1908-ல் அமைத்த நீதிமன்றம் கார்தாகோவில்தான் இயங்கி வந்தது. பூகம்பத்துக்குப் பிறகு அதுவும் சான் ஹோசேவுக்குப் போனது. அப்போது கட்டிக்கொண்டிருந்த பெரிய தேவாலயம் அத்தோடு கைவிடப்பட்டது. அதன் கூரையில்லாத கல் சுவர்கள் இன்றும் ஊர் நடுவே அப்படியே நிற்கின்றன.

ஆனால் கிளப் நின்றுவிடவில்லை. 1921-ல் தேசிய லீக் தொடங்கியது. 1923-ல் முதல் பட்டம், 1936-ல் இரண்டாவது, 1940-ல் மூன்றாவது. அதுவரை எல்லாம் சரியாகவே போனது.

சாபக் கதை எங்கிருந்து வந்தது?

கார்தாகோவில் தேவதைகளின் அன்னை பசிலிக்கா இருக்கிறது. ‘லா நெக்ரீத்தா’ என்று அன்போடு அழைக்கப்படும் சிறிய கறுப்பு நிற மாதா சிலை அங்கே உண்டு. 1635-ல் கண்டெடுக்கப்பட்டது என்பது நம்பிக்கை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 2-ம் தேதியை ஒட்டி நாடு முழுக்க இருந்து லட்சக்கணக்கானோர் நடைபயணமாக வருவார்கள். நம்மூர் வேளாங்கண்ணி பாதயாத்திரை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊரில் சொல்லப்படும் கதை இதுதான்: 1940 வெற்றியைக் கொண்டாடிய வீரர்கள் மதுபோதையில் குதிரையோடு பசிலிக்காவுக்குள் நுழைந்துவிட்டார்கள். கோபமான பாதிரியார், “இனி உங்களுக்குப் பட்டமே கிடையாது” என்று சபித்துவிட்டார்.

இன்னொரு கதையும் உண்டு. யாரோ சூனியம் வைத்த பொம்மையை மைதானத்துக்கு அடியில் புதைத்துவிட்டார்களாம். அதனால் ‘பொம்மை’ என்ற சொல்லே கார்தஹினேஸ் ரசிகர்களைச் சீண்டும் கிண்டலாக மாறிவிட்டது.

இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. அணியின் சொந்த மைதானமான ‘ஃபெயோ மேசா’ திறக்கப்பட்டதே 1949-ல்தான். அதாவது கோப்பை வறட்சி தொடங்கி ஒன்பது வருஷம் கழித்து. பொம்மை இருந்தாலும், பழி முழுவதையும் அதன்மேல் போட முடியாது!

அப்படியானால் நிஜக் காரணம்?

முதல் காரணம், மற்றவர்களின் வளர்ச்சி. தலைநகரின் சாப்ரீசா 1949-ல் முதல் டிவிஷனுக்கு வந்தது. அதன் பிறகு சாப்ரீசா, அலஹுவெலென்சே, எரெதியானோ ஆகிய மூன்றும்தான் பெரும்பாலான பட்டங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. மூன்றும் இன்று தலா 25 பட்டங்களுக்கு மேல் வைத்திருக்கின்றன. நாட்டின் மக்கள்தொகையே சுமார் 50 லட்சம்தான். ரசிகர்கள், விளம்பரம், டிவி கவனம் எல்லாம் இந்த மூன்று பக்கமே சாய்ந்தன. நல்ல வீரர் ஒருவர் கார்தாகோவில் உருவானால், அடுத்து அவர் கண் போவதும் அந்தப் பக்கம்தான்.

இரண்டாவது காரணம், தொடரின் அமைப்பு. இப்போது கோஸ்டா ரிகாவில் வருஷத்துக்கு இரண்டு சாம்பியன்கள். லீக் சுற்றில் முதல் நான்கு இடம் பிடிக்கும் அணிகள் அரையிறுதிக்குப் போகும். அதில் ஜெயிப்பவரும் லீக் சுற்றில் முதலிடம் பிடித்தவரும் வேறு வேறு அணி என்றால், இருவருக்கும் இடையே ‘கிராண்ட் ஃபைனல்’ நடக்கும். ஆழமான அணி வைத்திருக்கும் பெரிய கிளப்புக்கு இரண்டு வாய்ப்பு. சின்ன கிளப் எல்லாக் கட்டத்தையும் தாண்டியாக வேண்டும்.

ஆனால் இது மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் வேறு சின்ன அணிகள் ஜெயித்தன. 2009-ல் லிபேரியா மியா சாம்பியன். அதே வருஷம் ப்ருஹாஸ் சாம்பியன். 2017-ல் பெரெஸ் செலெதோன் சாம்பியன். ப்ருஹாஸ் என்றால் ஸ்பானிஷில் ‘சூனியக்காரிகள்’. அந்த கிளப் சில ஆண்டுகளில் காணாமலே போய்விட்டது. நேற்று வந்தவர்கள் கோப்பையோடு போக, நூறு வருஷம் நின்றவர்கள் வெறுங்கையோடு இருந்தார்கள். சாபக் கதையை ஊர் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்டத்தையே ஜெயித்தார்கள், நாட்டை அல்ல

இந்த 81 வருஷக் கதையில் ஒரு பெரிய விசித்திரம் உண்டு. உள்நாட்டுப் பட்டம் இல்லாத அதே காலத்தில் கார்தஹினேஸ் கான்ககாஃப் சாம்பியன்ஸ் கோப்பையை ஜெயித்தது. வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கிளப்புகளுக்கான உச்சபட்ச தொடர் அது. 1994-ம் ஆண்டுத் தொடரின் இறுதிப்போட்டி 1995 பிப்ரவரியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்தது. எதிரணி மெக்சிகோவின் அத்லாந்தே. கார்தஹினேஸ் 3-2 என்று ஜெயித்தது. போட்டி நடந்த நகரத்தின் பெயரும் சான் ஹோசே! தங்கள் தலைநகரின் பெயர் கொண்ட வேறொரு ஊரில் கண்டத்தின் சாம்பியன் ஆனார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பழைய கதைதான். மிகக் கொடுமையான ஆண்டு 2013. எரெதியானோவுக்கு எதிரான இறுதிப்போட்டியின் முதல் ஆட்டத்தைச் சொந்த மண்ணில் ஜெயித்தார்கள். ‘இந்தத் தடவை விடமாட்டோம்’ என்று ஊர் கொண்டாட்டத்துக்குத் தயாரானது. இரண்டாவது ஆட்டத்தில் எரெதியானோ மீண்டு வந்தது. கடைசியில் பெனால்டி ஷூட் அவுட். கோப்பை மீண்டும் கை நழுவியது.

2022 ஜூலை: என்ன நடந்தது?

2022 க்ளவ்சூரா தொடரில் பயிற்சியாளராக இருந்தவர் ஹெய்னெர் செகுரா. முன்னணியில் கோல் அடிக்கும் பொறுப்பு கியூபா வீரர் மார்செல் எர்னாந்தெஸ் தோளில். நாக் அவுட் கட்டத்தைத் தாண்டிய அணிக்கு முன்னால் நின்றது, லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அலஹுவெலென்சே. ஆக, கிராண்ட் ஃபைனல்.

இரண்டு ஆட்டங்கள் கொண்ட ஃபைனல் அது. முதல் ஆட்டம் கார்தாகோவில். 1-0 என்று கார்தஹினேஸ் முன்னிலை. இரண்டாவது ஆட்டம் எதிரியின் கோட்டையான அலஹுவேலா மைதானத்தில். 2013-ன் நினைவு எல்லோர் மனதிலும் இருந்திருக்கும். இந்த முறை அணி உடையவில்லை. ஆட்டம் 1-1 என முடிய, மொத்தக் கணக்கில் 2-1. கார்தஹினேஸ் சாம்பியன்!

1940 பட்டத்தைப் பத்து வயதில் பார்த்த ஒருவர் உயிரோடு இருந்திருந்தால் 2022-ல் அவருக்கு 90 வயதைத் தாண்டியிருக்கும். அப்பா சொன்ன கதை, அவருக்குத் தாத்தா சொன்ன கதை என்றே அந்தக் கோப்பை ஊரில் வாழ்ந்து வந்தது. அதனால்தான் அன்றிரவு கார்தாகோ தெருக்களில் அழுதவர்களுக்குக் காரணம் கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

அதற்குப் பிறகு?

கோஸ்டா ரிகா கால்பந்தின் அதிகாரக் கணக்கு மாறவில்லை. அடுத்தடுத்து நான்கு பட்டங்களை சாப்ரீசாவே அள்ளியது. கார்தஹினேஸ் பட்டியலில் இன்னமும் நான்கு ஆண்டுகள்தான்: 1923, 1936, 1940, 2022.

மாறியது ஒன்றுதான். இராசு எரிமலை 1963 முதல் 1965 வரை சாம்பலைக் கொட்டியபோதும், 1963 டிசம்பரில் ரெவெந்தாதோ ஆற்றின் சேற்று வெள்ளம் வீடுகளை அடித்துப் போனபோதும் அந்த ஊர் இடம் மாறவில்லை, திரும்பக் கட்டியது. கோப்பை வராதபோதும் அணி மாறவில்லை. வெளியூர்க்காரர்கள் அதைப் ‘பொறுமை’ என்று கிண்டல் செய்தார்கள். 2022 ஜூலைக்குப் பிறகு அதே சொல்லை கார்தாகோக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்த பட்டத்துக்கும் அது தேவைப்படலாம்!