பசியோடு வீடு திரும்பும் பிள்ளைகள்

“டாக்டர், எங்கள் குழந்தை ஒன்றுமே சாப்பிடுவதில்லை.” குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவில் நாங்கள் மிகுதியாகக் கேட்கும் வாக்கியம் இதுவே. காய்ச்சலையும் இருமலையும்விட இந்தக் கவலைதான் பல பெற்றோரின் முகத்தில் ஆழமாகப் படிந்திருக்கிறது. குழந்தையின் எடையைப் பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் காட்டினால், பெரும்பாலும் அந்தப் புள்ளி இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும். ஆயினும் உடன் வந்த பாட்டியின் ஐயம் தீர்வதில்லை. அவர் கண்டது வேளைதோறும் கிண்ணத்தில் மிஞ்சிய சோறு. நாங்கள் காட்டுவதோ தாளில் ஒரு கோடு.

பாட்டி கண்டதிலும் உண்மை இருக்கிறது. பிறக்கும்போது மூன்று கிலோ எடையுள்ள குழந்தை, முதல் பிறந்தநாளில் ஏறத்தாழ ஒன்பது கிலோவாகிவிடுகிறது. அடுத்த ஓராண்டில் கூடுவது ஏறக்குறைய இரண்டரை கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் இவ்வளவு குறையும்போது பசியும் குறைவது இயற்கை. அதே பருவத்தில்தான் நடக்கவும் ஓடவும் கற்றுக்கொண்ட குழந்தைக்கு ஓரிடத்தில் உட்கார மனம் வருவதில்லை. இரண்டு வயது முதல் ஐந்தாறு வயது வரை புதிய உணவைக் கண்டால் தயங்குவதும் பெரும்பாலான பிள்ளைகளிடம் காணப்படும் இயல்பே. இது பிடிவாதமும் அன்று, நோயும் அன்று. எனினும் அந்தத் தயக்கத்தை நாம் எதிர்கொள்ளும் விதம், பிள்ளைக்கும் உணவுக்கும் உள்ள உறவைப் பல ஆண்டுகளுக்குத் தீர்மானித்துவிடுகிறது.

கைப்பேசியைக் காட்டி ஊட்டுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். காணொளியில் கண் பதிந்திருக்கும் குழந்தை வாயைத் திறக்கிறது, விழுங்குகிறது, தட்டும் காலியாகிறது. ஆனால் எதைத் தின்றோம், எப்போது வயிறு நிறைந்தது என்பது அதற்குத் தெரிவதில்லை. போதும் என்று உடல் தரும் குறிப்பை உணரும் திறன் பிறவியிலேயே வாய்த்தது. அதைப் பயன்படுத்த விடாவிட்டால் மங்கிப்போகும். ஓராண்டு கழித்து அதே குழந்தை கைப்பேசி இல்லாமல் ஒரு வாயும் உண்ணாத நிலையில் எங்களிடம் அழைத்து வரப்படுகிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்த ஒரு மணி நேரமும் சாப்பாட்டு வேளையாக இருக்கக் கூடாது என்பதை நாங்கள் சேர்த்துச் சொல்கிறோம்.

அமெரிக்க உணவியல் வல்லுநர் எல்லின் சாட்டர் வகுத்த ஒரு வேலைப் பங்கீடு இங்கே பெரிதும் உதவும். என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யும். சொல்லக் கேட்டால் எளிது. கூட்டுக் குடும்பத்தில் நடத்திக் காட்டுவது கடினம். மூன்று வாயோடு பிள்ளை எழுந்துவிட்டால் அம்மாவின் வயிறு கலங்கும். அரை மணி நேரத்தில் யாரேனும் ஒருவர் பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிடுவார். அந்தப் பிஸ்கட்தான் அடுத்த வேளையின் பசியைக் கெடுக்கிறது. இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளியில் உணவு. இடையில் தண்ணீர் மட்டும். ஒரு வாரம் வீடு முழுவதும் ஒரே பேச்சாக இருந்தால் வேறுபாடு தெரியும்.

ஒரு காயைப் பிள்ளை ஒருமுறை துப்பிவிட்டால், “இவனுக்குப் பீர்க்கங்காய் பிடிக்காது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். எட்டு முறை, பத்து முறை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து முறை கூடக் கண்முன் வந்த பிறகே ஓர் உணவு பழக்கமானதாகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு போதும், வற்புறுத்தல் வேண்டாம். சாப்பிட்டால் சாக்லேட் தருவேன் என்ற பேரமும் வேண்டாம். அந்தப் பேரத்தில் சாக்லேட் பரிசாகவும் பீர்க்கங்காய் தண்டனையாகவும் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடும்.

பாலும் இரும்புச் சத்தும்

சற்று நின்று பேச வேண்டிய செய்தி இது. சோறு இறங்காத குழந்தைக்குப் பாலையாவது கொடுப்போம் என்று நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரை கொடுக்கும் வீடுகள் உண்டு. பால் நல்ல உணவே. ஆனால் அதில் இரும்புச் சத்து மிகக் குறைவு. மற்ற உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதையும் அதன் கால்சியம் ஓரளவு தடுக்கும். வயிற்றையும் நிரப்பிவிடும். இவ்வாறு பாலிலேயே வளரும் ஒன்றரை வயதுக் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். உள்ளங்கையும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்திருக்கும். இரத்தச் சோகை பசியை மேலும் குறைக்கும். பசி குறையக் குறையப் பால் கூடும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு கண்டறிந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர்.

ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மிகாமல் பால் போதும். அதையும் சாப்பாட்டோடு கொடுக்காமல் தனியே கொடுங்கள். கீரை, பயறு, கேழ்வரகு உண்ணும்போது எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காயோ, ஒரு துண்டு கொய்யாவோ உடன் இருந்தால் அவற்றின் இரும்பு நன்றாகச் சேரும். டீயும் காப்பியும் அதைத் தடுக்கும் என்பதால் பிள்ளைகளுக்கு அவை வேண்டாம். பாலைக் குறைத்தால் எலும்புக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: நூறு கிராம் கேழ்வரகில் உள்ள கால்சியம், அதே அளவு பாலில் உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும், எள்ளுருண்டையும் கூடவே இருக்கின்றன.

பாலில் கலக்கும் மாவுகளைப் பற்றியும் ஒரு சொல். இவற்றை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரையின் அளவைப் படித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இரண்டு வயது வரை குழந்தையின் உணவில் சர்க்கரை சேர்க்கவே தேவையில்லை.

மாட வீதியில் ஒரு மாலை

எங்கள் மருத்துவமனைக்கு வருவோரில் பலர் ராஜா அண்ணாமலைபுரம், மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு வாசிகள். அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளி வேன், டியூஷன், அலுவலகம் என்று நாள் கழியும் குடும்பங்கள். காய்கறி கைப்பேசிச் செயலி வழியே வாசலுக்கு வந்துவிடுகிறது. அவ்வீட்டுப் பிள்ளைக்குப் புடலங்காய் என்பது குழம்பில் மிதக்கும் ஏதோ ஒரு வளையம். முழுக் காயை அது கண்டதில்லை.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்கு ஒரு மாலை பிள்ளையை அழைத்துச் சென்று பாருங்கள். கபாலீசுவரர் கோயில் குளத்தை ஒட்டிய அந்தத் தெருவில் காய்கறிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஐம்பது ரூபாயைப் பிள்ளையின் கையில் கொடுத்து, இன்றைய பொரியலுக்கு எந்தக் காய் என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கடைக்கார அம்மாவிடம் விலை கேட்கட்டும். அவரைக்காய் முற்றலா பிஞ்சா என்று தொட்டுப் பார்க்கட்டும். வீட்டுக்கு வந்ததும் நாரெடுப்பது அவன் வேலை. தான் வாங்கி, தான் உரித்த காயை ஒரு வாயாவது சுவைக்காத பிள்ளை அரிது. அசைவம் உண்ணும் வீட்டார் இதையே நொச்சிக்குப்பம் மீன் சந்தையில் செய்யலாம். சங்கராவுக்கும் வஞ்சிரத்துக்கும் வேறுபாடு சொல்லத் தெரிந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு மீன் குழம்பைப் பரிந்துரைக்க வேண்டியதில்லை.

கூட்டத்தோடு உண்ணும்போது பிள்ளைகள் நன்றாக உண்பதும் நம் ஊர் நெடுங்காலமாக அறிந்ததே. நவராத்திரியில் கொலு பார்க்கப் போகும் வீடுகளிலெல்லாம் கடலையும் பயறும் காராமணியும் சுண்டலாகக் கிடைக்கும். வீட்டில் பருப்பைத் தொடாத பிள்ளைகள் அந்த ஒன்பது நாளும் பொட்டலம் பொட்டலமாகத் தின்கிறார்கள். பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று மாட வீதிகளில் வழங்கும் நீர்மோருக்கும் பானகத்துக்கும் நீளும் சிறு கைகளைப் பார்த்திருப்பீர்கள். 1920இல் சென்னை மாநகராட்சி, பி. தியாகராய செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது பசியைப் போக்குவதற்காக. காமராசர் காலத்து மதிய உணவும், 1982இன் சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் அந்தத் தடத்தில் வந்தவையே. அந்தப் பந்தி வரிசையில் உட்காரும் பிள்ளை, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தே காய்கறிச் சாம்பாரை உண்ணப் பழகுகிறது என்பது அவற்றின் கூடுதல் பயன். வீட்டிலும் ஒரு வேளையாவது, பெரும்பாலும் இரவில், எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். அப்பா ஒதுக்கிவைக்கும் கத்தரிக்காயை மகனும் ஒதுக்குவான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது?

வணிக வளாகம்தான் பலருடைய விடை. குளிரூட்டிய இடம், ஏறி விளையாட ஏதோ ஓர் இயந்திரம், இறுதியில் உணவுக்கூடம். முந்நூறு மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை. அதனோடு வறுத்த உருளைக்கிழங்கு. செலவும் ஆயிரக்கணக்கில். ஆண்டுக்கு இரண்டு முறை என்றால் நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம். வாரந்தோறும் என்றால், மகிழ்ச்சி என்பது அந்த உணவின் மறுபெயர் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு அறுபது நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் ஆட்டமும் தேவை. மூன்று, நான்கு வயதினருக்கு நாள் முழுவதும் பரவலாக மூன்று மணி நேர அசைவு. இதற்கு இந்த வட்டாரத்தில் இடத்துக்குக் குறைவில்லை. அமிர்தாஞ்சனம் நிறுவிய நாகேசுவர ராவின் பெயர் தாங்கிய லஸ் பூங்காவில் பிள்ளைகள் ஓடலாம். தாத்தா நடைப்பயிற்சி செய்யலாம். பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர்க் கடற்கரைகளில் மணல் வீடு கட்டவும் பட்டம் விடவும் காசு வேண்டாம். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சென்னைக் கடலின் இழுப்பு ஆண்டுதோறும் உயிர்களைக் கொண்டுபோகிறது. கிண்டி சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் ஒரே நாளில் பார்த்து முடிக்கத் தக்கவை. வெயில் கொளுத்தும் நாளிலும் மழை நாளிலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவும், பெரியார் அறிவியல் மையத்திலுள்ள பிர்லா கோளரங்கமும் இருக்கின்றன. பறக்கும் ரயிலில் போவதே சிறு பிள்ளைக்குப் பாதி விழா.

ராஜா அண்ணாமலைபுரத்துக்குள்ளேயே, 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டி விரிந்திருக்கிறது. ஒருகாலத்தில் குப்பையும் இடிபாடுகளும் கொட்டப்பட்ட ஓடை அது. இன்று நீர்ப்பறவைகள் வரும் இடம். செல்லுமுன் அனுமதி விதிகளையும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கட்டுச்சோற்றை மறந்துவிட்டோம் என்பது எங்களுக்குச் சற்று வருத்தமே. எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை, வெள்ளரித் துண்டுகள், வேகவைத்த வேர்க்கடலை, ஒரு குடுவைத் தண்ணீர்: இரண்டு மணி நேரம் ஓடிய பிள்ளைக்கு இதைவிடச் சுவையான விருந்து இல்லை. நான்கைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுக் கடலையும் முழுத் திராட்சையும் தர வேண்டாம். மூச்சுக் குழாயில் சிக்கிக்கொள்ளும். கடலையை மசித்தும் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுங்கள்.

சிகிச்சையில் இருப்போர் வீட்டில்

நீரிழிவுள்ள தாத்தாவுக்குத் தனிச் சமையல், எடை கூடிய பேரனுக்குத் தனித் தட்டு, மற்றவர்களுக்கு வழக்கமான சாப்பாடு என்று அடுப்பு மூன்றாகப் பிரியும் வீடுகளை நாங்கள் அறிவோம். தட்டில் பாதி காய், கீரை, பழம். மீதியில் சோறோ சப்பாத்தியோ, பருப்போ முட்டையோ மீனோ என்பது மூவருக்கும் பொருந்தும். சோற்றின் அளவு மட்டும் மாறும். நோயாளி தம் தட்டில் இருப்பதையே எல்லோர் தட்டிலும் காணும்போது தண்டிக்கப்பட்டவராக உணர மாட்டார். சமைப்பவருக்கும் சற்று ஓய்வு கிடைக்கும். சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுடைய உணவை மருத்துவரே வரையறுக்க வேண்டும்.

புற்றுநோய்ச் சிகிச்சையிலோ, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன அறிவுரைகளில் பல மாறுபடும். வாய்ப்புண்ணும் குமட்டலும் உள்ள பிள்ளையிடம் பீர்க்கங்காயைப் பத்து முறை காட்டுவதில் பொருளில்லை. அந்த நாள்களில் இறங்குகிற உணவே நல்ல உணவு. பச்சைக் காய்கறி, கடை உணவு, கூட்டமான இடங்கள் ஆகியவற்றைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். ஆளரவமற்ற காலை நேரக் கடற்கரை பலருக்கு அனுமதிக்கப்படுவதுண்டு. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022இல் அமைக்கப்பட்ட மரப்பாதையில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அலைக்கு அருகே செல்லலாம். நோயுற்ற பிள்ளையோடு பிறந்தவர்களும் அந்தக் காலையில் உடன் வரட்டும். பல மாதங்களாக வீட்டின் பேச்சு முழுவதும் ஒருவரைச் சுற்றியே இருந்திருக்கும்.

எடை குறைதல், வளர்ச்சிக் கோட்டிலிருந்து இறங்குதல், அடிக்கடி வாந்தி, மலத்தில் இரத்தம், விழுங்கும்போது திணறல், வெளுத்த தோற்றம், மண் அல்லது சுண்ணாம்பு தின்னுதல் ஆகியவை காணப்பட்டால் காத்திருக்காமல் வாருங்கள். உணவு ஆலோசனைக்கு வரும்போது, மூன்று நாள்களில் பிள்ளை உண்டதையும் குடித்ததையும், பாட்டி கொடுத்த பிஸ்கட் உட்பட, நேரத்தோடு எழுதிக் கொண்டுவாருங்கள். வளர்ச்சி அட்டையையும் தடுப்பூசிப் புத்தகத்தையும் மறக்க வேண்டாம். இயன்றால் வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள்.