காப்புப் படியும் வெற்றறையும்

செல்லரிக்கும் ஏடுகளைப் பெயர்த்தெழுதிக் காத்தவர் நம் முன்னோர். அப்பணியை இன்று கணிப்பொறியில் செருகப்படும் புறவட்டு ஆற்றுகின்றது. பயனர் உள்நுழைந்ததும் அவ்வட்டுத் தானே இணைந்துவிடும் என்று நாம் நம்பியிருப்போம். ஒரு நாள் அஃது இணையாதொழியும். அதன் காரணத்தை, 1991ஆம் ஆண்டில் தோன்றிய லினக்ஸினை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க விழைகின்றேன்.

நேயர்களே, லினக்ஸில் வட்டைச் செருகினால் மட்டும் போதாது. அதனை ஓர் அறையின்மேல் பொருத்துதல் வேண்டும். இதனையே 'மவுண்ட்' செய்தல் என்பர். அவ்வறை உள்வட்டில் உள்ள வெற்றறையே. புறவட்டுப் பொருந்தியதும் அதன் கதவு புறவட்டினுள் திறக்கும். பொருந்தாவிடின், அதே கதவு வெற்றறையினுள் திறக்கும். படியெடுக்கும் நிரல் இவ்வேறுபாட்டை அறியாது. உள்வட்டிலேயே படியை எழுதிவிட்டு, 'பணி முடிந்தது' என அறிவிக்கும். மூலமும் படியும் ஒரே வட்டில் இருப்பின், அது பழுதுறும் நாளில் இரண்டும் ஒருங்கே அழியுமன்றோ?

இன்னொன்றும் நிகழ்வதுண்டு. பயனர் உள்நுழையும் முன்னரே, நிருவாகி உரிமையுடன் நிரல் ஓடுமாயின், இல்லாத அறையை அதுவே உண்டாக்கிவிடக்கூடும். பின்னர் வரும் வட்டு, அப்பெயரில் அறை இருத்தலைக் கண்டு, பெயரின் ஈற்றில் 1 என்னும் எண் சேர்ந்த வேறோர் அறையில் அமரும். நிரலோ பழைய அறையிலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

இதற்குத் தீர்வு யாது? முதலாவது, தவறான இடத்தில் எழுதப்பட்ட படிகளை ஆராய்ந்து அகற்றி, நிலையான ஓர் அறையை அமைத்தல் வேண்டும். இரண்டாவது, 'எஃப்எஸ்டேப்' என்னும் கோப்பில் வட்டினைக் குறித்தல் வேண்டும். அங்கே 'எஸ்டிபி' போன்ற பெயரை எழுதுதல் தகாது. வட்டுகள் கண்டறியப்படும் வரிசைக்கேற்ப அப்பெயர் மாறும். 'பிளாக்ஐடி' என்னும் கட்டளை காட்டும் தனி அடையாள எண்ணையே எழுதுக. வட்டினை மீண்டும் வடிவமைக்கும் வரை அது மாறாது. மூன்றாவது, 'நோஃபெயில்' என்னும் சொல்லையும் அவ்வரியிற் சேர்க்க. அஃதின்றேல், வட்டுச் செருகப்படாத நாளில் கணிப்பொறி, பெரும்பாலும் 90 விநாடி காத்திருந்து, அவசர நிலையில் நின்றுவிடும்.

எழுதியபின், 'மவுண்ட் -ஏ' என ஆணையிட்டால், கணிப்பொறியை மறுபடியும் தொடங்காமலே பிழையை அறியலாம். ஆயினும், 'நோஃபெயில்' வட்டு இல்லாமையைப் பொறுத்துக்கொள்ளுமேயன்றி, அதனை நமக்கு உரக்க அறிவியாது. ஆதலின், படியெடுக்கும் முன்னர் 'மவுண்ட்பாயிண்ட்' என்னும் கட்டளையால் வட்டுப் பொருந்தியுள்ளதா எனச் சோதித்து, இல்லையெனில் நின்றுவிடுமாறு நிரலுக்கு விதித்தல் மிக இன்றியமையாதது.

இவற்றிற்கெல்லாம் மேலாக நான் வற்புறுத்துவது ஒன்று. திங்கள்தோறும் ஒருமுறையேனும், காப்புப் படியிலிருந்து ஒரு கோப்பினை மீட்டுத் திறந்து பாருங்கள். மீட்டுப் பார்க்கப்படாத படி வெறும் நம்பிக்கையே. மீட்டுப் பார்த்த படியே காப்பு.