மீனம்பாக்கம் முதல் ஹீத்ரோ வரை

சென்னை மீனம்பாக்கத்துக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 8,200 கிலோமீட்டர். சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் அடிக்கோலை வைத்துக் கோடு இழுத்தால் அது அரபிக்கடல், அரேபியா, துருக்கி என்று போகும். அப்படிப் பறந்தால் சுமார் 250 கிலோமீட்டர் கூடுதல். உலக உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால், அது குஜராத், பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைன், போலந்து என்று வடக்கே வளைந்து போகும். மிகக் குறுகிய வழி அதுதான். பெருவட்டப் பாதை என்று அதற்குப் பெயர்.

இந்தத் தூரக் கணக்குக்குப் பூமியின் அளவு தெரிய வேண்டும். அதை அளக்கும் வேலை இந்தியாவில் தொடங்கியது இன்றைய ஓடுபாதைக்கு அருகில்தான் என்பது வியப்பான பொருத்தம். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கம் அளவையாளர் வில்லியம் லாம்டன் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே நகர்ந்த அந்த அளவையில் சென்னைக்குத் தெற்கே உள்ள கருங்குழி ஊரும் ஒரு நிலையம். கணக்கில் இன்னொன்றும் சேர வேண்டும்: பூமி முழு உருண்டை அல்ல. மையத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 6,378 கிலோமீட்டர், துருவத்துக்கு 6,357.

இந்தக் குறுகிய தூரம் மாறாது, பறக்கும் நேரம்தான் மாறும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 8,200 கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் ஒன்பது மணி நேரம் போதும். நடைமுறையில் லண்டனிலிருந்து சென்னைக்குச் சுமார் பத்து மணி நேரம், சென்னையிலிருந்து லண்டனுக்குப் பதினோரு மணி நேரம் ஆகிறது. காரணம் பூமி சுழல்வது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு; காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக் காற்று, வரும்போது தள்ளிவிடுகிறது, போகும்போது எதிர்த்து நிற்கிறது. குளிர்காலத்தில் அதன் பலம் அதிகம். போரும் பாதையை நீட்டுகிறது. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளியில் பயணிகள் விமானம் பறக்க முடியாது. தெற்கே ஒதுங்கிச் சுற்றித்தான் போக வேண்டும்.

பயணச்சீட்டில் உள்ள மணியைக் கழித்துப் பார்த்தால் பயண நேரம் கிடைக்காது. இரண்டு மணியும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சிடப்பட்டவை. லண்டன் கடிகாரம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது, கோடையில் நாலரை. ஜனவரியில் காலை 6 மணிக்குச் சென்னையில் கிளம்பிப் பதினோரு மணி நேரம் பறந்தால் லண்டனில் பகல் 11.30தான் ஆகியிருக்கும். அங்கே நண்பகலில் ஏறிப் பத்து மணி நேரம் பறந்து வந்தால் இங்கே மறுநாள் விடியற்காலை 3.30.

சீட்டில் இல்லாத நேரமும் உண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்கச் சொல்கிறார்கள். அங்கே போய்ச் சேரவும் நேரம் வேண்டும். உதாரணமாக, கருங்குழியிலிருந்து மீனம்பாக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் அறுபது கிலோமீட்டர் சொச்சம். பொங்கல் முடிந்து எல்லோரும் சென்னை திரும்பும் நாளாக இருந்தால், பரனூர் சுங்கச்சாவடிக்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு கிளம்புங்கள்.