ராத்திரி 10 மணிக்கு மேல்தான் இவர்களுக்கு காலேஜ்!

ஜவுளிக்கடை பெண், போலீஸ்காரர், லாரி ஆபீஸ் குமாஸ்தா படும் பாடு

(நமது நிருபர்)

சென்னையில் பகலெல்லாம் வேலை, ராத்திரியில் படிப்பு என்று ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. இவர்களுக்கு காலேஜ் கட்டிடம் கிடையாது. மணி அடிக்க பியூன் கிடையாது. ஓடுகிற மின்சார ரெயில்தான் வகுப்பறை. வீட்டு சமையல்கட்டுதான் லைப்ரரி!

தூக்கம் கெடுகிறது. லீவு போட்டால் சம்பளம் போகிறது. அப்படியும் விடாமல் படிக்கிறார்களே, எப்படி?

மூன்று பேரை சந்தித்துப் பேசினோம். "பெயர் போட்டுடாதீங்க சார்" என்று மூவருமே கேட்டுக்கொண்டார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மேலிடத்து காதுக்கு போனால் வம்பு!

30 சேலை

முதலில் தி.நகர் ஜவுளிக்கடை பெண். வயது 24. வீடு கூடுவாஞ்சேரியில். தபால் வழியில் பி.காம். இரண்டாவது ஆண்டு படிக்கிறார்.

காலை 9½ மணிக்கு கடைக்குள் நுழைந்தால் வெளியே வர ராத்திரி 9 மணி ஆகிவிடும். ஒரு கஸ்டமருக்கு 30 சேலை பிரித்துக் காட்ட வேண்டும். "ஒண்ணும் மனசுக்கு பிடிக்கலை" என்று எழுந்து போய்விடுவார்கள். முப்பதையும் மடித்து வைக்க வேண்டும். முகம் சுளிக்கக்கூடாது!

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ம் ஆண்டில் தமிழக அரசு சட்டத்தை திருத்தியது. அதைப்பற்றி கேட்டோம்.

"ஸ்டூல் போட்டிருக்காங்க சார். பொய் சொல்லக்கூடாது. ஆனா ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அது எந்த மூலையில இருக்குன்னு தேடறதுக்குள்ள கடையே மூடிடும்" என்றார்.

எப்போது படிக்கிறீர்கள்?

அவர் கூறியதாவது:-

"பாடத்தை நானே வாசிச்சு செல்போன்ல பதிவு பண்ணி வச்சிருக்கேன். மாம்பலத்துல செங்கல்பட்டு ரெயில்ல ஏறுவேன். தாம்பரம் வரைக்கும் நிக்கத்தான் இடம். கம்பியை பிடிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு வருவேன். தாம்பரத்துல கூட்டம் இறங்கும். ஜன்னல் சீட்டு கிடைச்சிடும். உடனே போனை ஆப் பண்ணிடுவேன். அங்கேர்ந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் படிப்பு கிடையாது. வேர்க்கடலை ஒரு பொட்டலம், ஜன்னல் காத்து, அவ்வளவுதான். அன்னிக்கு பூரா எனக்குன்னு இருக்கிறது அந்த கொஞ்ச நேரம்தான். பரீட்சை மறுநாளா இருந்தாலும் அதை விட்டுத்தர மாட்டேன்."

வீட்டுக்கு போய், சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு, மறுபடி புத்தகம். 12 மணி வரை.

எதற்காக இந்த பாடு? "மேல் மாடியில அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் இருக்கு சார். அங்கே எல்லாருக்கும் நாற்காலி!" என்று சிரித்தார். சிரித்துவிட்டு காலை தடவிக்கொண்டார்.

முதுகுக்கு பின்னால் மேட்ச்

அடுத்தவர் கான்ஸ்டபிள். வயது 29. பிளஸ்-2 முடித்ததும் காக்கிச்சட்டை போட்டவர். இப்போது தபால் வழியில் பி.ஏ. வரலாறு.

சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு எழுத பட்டம் வேண்டும். அதில் ஏற்கனவே போலீசில் இருப்பவர்களுக்கு 20 சதவீத இடம் தனியாக ஒதுக்கப்படுகிறது. அந்த 20 சதவீதத்தின் மேல்தான் இவர் கண்!

ராத்திரி ரோந்து, காலையில் கைதியோடு கோர்ட்டு, சாயங்காலம் பொதுக்கூட்டம். போலீசாருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-ல் அரசு ஆணை பிறப்பித்தது. "ஓய்வு இருக்கு சார். ஆனா திருவிழா, ஊர்வலம்னு வந்துட்டா அதுவும் ஊர்வலத்தோட போயிடும்" என்கிறார்.

சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருக்கிறார். முதலாம் பானிபட் போர் 1526, பக்சார் போர் 1764, வேலூர் புரட்சி 1806 என்று பக்கத்துக்கு பக்கம் ஆண்டுகள். "பந்தோபஸ்துன்னா பாதி நேரம் வேன்ல காத்துக்கிட்டு இருக்கிறதுதான். மத்தவங்க தூங்குவாங்க. நான் இதை புரட்டுவேன்."

இவருக்கும் ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. சேப்பாக்கம் கிரிக்கெட் பந்தோபஸ்து!

மைதானத்துக்குள்ளேயே டூட்டி. ஆனால் ஆட்டத்துக்கு முதுகை காட்டி, காலரியை பார்த்துத்தான் நிற்க வேண்டும். திரும்பக்கூடாது. "ஜனங்க முகத்தை பார்த்தே சொல்லிடுவேன், போரா, சிக்சரா, அவுட்டான்னு. ராத்திரி வீட்டுல டி.வி. போட்டு சரிபார்ப்பேன். முக்கால்வாசி சரியா இருக்கும். டிக்கெட் வாங்கினவன்கூட இப்படி ரசிச்சிருக்க மாட்டான் சார்!"

சிரிப்பு அடங்கியதும் விஷயத்துக்கு வந்தார். போன தடவை ஒரு பேப்பர் எழுத முடியவில்லை. பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் பந்தோபஸ்து. அந்த ஒரு பேப்பருக்காக ஆறு மாதம் காத்திருந்தார். அடுத்த மாதம் மறுபடி அதே பேப்பர். மறுபடி ஞாயிறு!

மகளோடு பிளஸ்-2

மூன்றாமவர் பாரிமுனை லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. வயது 41. இவர் கதை மற்றவர்களுக்கு எச்சரிக்கை.

பத்தாவது வரை படித்தவர். பிளஸ்-2 இல்லாமலே நேரடியாக பட்டம் வாங்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி பணம் கட்டினார். மூன்று வருஷம் கண் விழித்து பி.ஏ. பாஸ் செய்தார். குரூப்-2 தேர்வுக்கு மனு போடப்போன இடத்தில்தான் தெரிந்தது, பட்டம் செல்லாது என்று!

பத்தாவது, பிளஸ்-2, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழக அரசு வேலைக்கு செல்லும். இதற்கு 2009-ம் ஆண்டிலேயே அரசாணை வந்துவிட்டது. அதேபோல, தபால் வழி படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்றும் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மனிதர் துவண்டுவிடவில்லை. இப்போது தனித்தேர்வராக பிளஸ்-2 எழுதப்போகிறார். அவருடைய மகளும் பிளஸ்-2. இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம்!

"ராத்திரி 10 மணிக்கு எனக்கு வாத்தியார் என் பொண்ணுதான். 'அப்பா, இந்த கணக்கு தப்பு, மறுபடி போடு'ன்னு அதட்டுவா. ஆபீசுல அதட்டினா கோவம் வருது. இவ அதட்டினா அவ்வளவு சந்தோஷமா இருக்கு. இனிமே வேலை கிடைக்குதோ இல்லையோ சார், இந்த ஒரு வருஷம் போதும்."

ஞாயிற்றுக்கிழமை சிக்கல்

தபால் வழி படிப்பு நம் நாட்டில் 1962-ல் டெல்லி பல்கலைக்கழகத்தில் ஆரம்பமானது. தமிழ்நாட்டில் மதுரை பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலை பல்கலைக்கழகம் 1979-லும், சென்னை பல்கலைக்கழகம் 1981-லும் தொடங்கின. 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலை பல்கலைக்கழகமே வந்துவிட்டது.

வேலைக்கு போகிறவர்கள் வசதிக்காக பல இடங்களில் சனி, ஞாயிறுகளில் பரீட்சை வைக்கிறார்கள். ஆபீசில் 10 டூ 5 உட்காருகிறவர்களுக்கு இது சவுகரியம்தான். ஆனால் ஜவுளிக்கடைக்கும் ஓட்டலுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். போலீசுக்கும் அன்றைக்குத்தான் பந்தோபஸ்து. வாரம் பூரா ராத்திரி கண் விழித்து படித்தவர், எழுத வேண்டிய நாளில் சேலை மடித்துக்கொண்டு நிற்கிறார்!

இதற்கு புது சட்டம் எதுவும் தேவையில்லை. பரீட்சைக்கு பல நாள் முன்பே தேதி தெரிந்துவிடுகிறது. அதை வாங்கி காலண்டரில் குறித்துக்கொண்டு, அந்த 3 மணி நேரத்துக்கு வேறு ஆளை போட்டால் போதும். முதலாளிக்கு அரை நாள் சங்கடம். அதை மறுத்தால் படிக்கிறவருக்கு ஆறு மாதம் நஷ்டம்.

நாம் பேசிய ஜவுளிக்கடை பெண்ணுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பரீட்சை இருக்கிறது. ஹால் டிக்கெட் கைப்பையிலேயே இருக்கிறது. "கேட்டா வேலைக்கே வரவேண்டாம்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்று இன்னும் முதலாளியிடம் காட்டவில்லை.

இதைப் படிக்கும் கடைக்காரர்களே, உங்கள் கடையிலும் யாராவது ஒருவர் கைப்பையில் இப்படி ஒரு ஹால் டிக்கெட் இருக்கலாம். அவராக கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். நாளைக்கு கடை திறந்ததும் நீங்களே ஒரு வார்த்தை விசாரியுங்கள்!