விசா நிஜம், கடிதம் பொய்

கனடாவில் படிக்கப் போன பஞ்சாப் மாணவர்கள் ஒரு போலிக் காகிதத்துக்குக் கொடுத்த விலை, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பத் துடிக்கும் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு பாடம்.

ஜலந்தர் அருகே தல்ஹன் கிராமத்து குருத்வாராவுக்கு வருகிறவர்களில் பலரது கையில் ஒரு பொம்மை விமானம் இருக்கும். வெளியே உள்ள கடைகளிலேயே அது கிடைக்கிறது. மகனுக்கோ மகளுக்கோ விசா கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அதைக் காணிக்கையாக வைத்துவிட்டுப் போகிறார்கள். பியாஸ், சட்லெஜ் நதிகளுக்கு இடைப்பட்ட தோவாபா பகுதியில் இதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த வீடுகளின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக்கூட விமான வடிவத்தில் கட்டி வைக்கிற ஊர்கள் இவை.

முன்பெல்லாம் லாரி ஓட்டவும் பண்ணை வேலைக்கும் போனார்கள். கடந்த 20 ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் படிக்கப் போகத் தொடங்கினார்கள். ஜலந்தர் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களில் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பயிற்சி மையங்களும் விசா ஆலோசனை நிலையங்களும் பெருகின. விளம்பரப் பலகைகளில் கனடா கொடி. செலவுக்குப் பணம்? ஒரு ஏக்கரை இங்கே 'கில்லா' என்கிறார்கள். ஒரு பிள்ளை விமானம் ஏற, ஒன்றோ இரண்டோ கில்லா அடமானம் போகும், அல்லது விலை போகும்.

2023 மார்ச் மாதம் இந்த வீடுகளில் பலவற்றுக்கு ஓர் அதிர்ச்சி வந்தது. கனடாவில் படிப்பை முடித்து வேலையிலும் சேர்ந்துவிட்ட பஞ்சாப் இளைஞர்கள் பலருக்கு, அந்நாட்டு எல்லைச் சேவை அமைப்பிடமிருந்து கடிதம் போயிருந்தது. விசா வாங்கும்போது அவர்கள் கொடுத்த கல்லூரி அட்மிஷன் கடிதம் போலியானது, ஆகவே நாட்டை விட்டு வெளியேற்றப்படலாம் என்பதுதான் அதன் சாரம். அவர்களில் பெரும்பாலோர் கனடா வந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 700 மாணவர்கள் சிக்கியிருப்பதாகச் செய்திகள் வந்தன.

பாஸ்போர்ட்டில் இருந்த விசா அசல். அதை ஒட்டியது கனடா தூதரகம்தான். விமான நிலையத்தில் படிப்பு அனுமதி கொடுத்ததும் கனடா அதிகாரிதான். இத்தனைக்கும் அடியில் இருந்த ஒரே ஒரு காகிதம் மட்டும் பொய். அது எப்படி நான்கு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது?

கனடாவின் நடைமுறையைப் பார்த்தால் புரியும். அமெரிக்க மாணவர் விசாவுக்குத் தூதரக ஜன்னல் முன் நின்று அதிகாரியின் கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்லியாக வேண்டும். கனடாவில் பெரும்பாலும் நேர்காணல் கிடையாது, எல்லாம் காகிதம்தான். கல்லூரியின் அட்மிஷன் கடிதம், கட்டணம் கட்டிய ரசீது, ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண், மருத்துவப் பரிசோதனை, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் ஆகியவற்றை இணைத்து கம்ப்யூட்டர் வழியாக அனுப்ப வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 150 கனடா டாலர், கைரேகையும் புகைப்படமும் பதிய 85 டாலர். அதிகாரி அந்த மாணவரைப் பார்ப்பதே இல்லை. ஃபைலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். 2023 டிசம்பர் வரை, ஒவ்வொரு அட்மிஷன் கடிதத்தையும் சம்பந்தப்பட்ட கல்லூரியிடம் காட்டிச் சரிபார்க்கும் கட்டாயமும் இருக்கவில்லை.

இந்த ஓட்டையில்தான் ஜலந்தரைச் சேர்ந்த ஓர் ஏஜென்ட் புகுந்தார். ஒரு மாணவருக்கு 16 லட்சம் ரூபாய்க்கும் மேல் வாங்கியதாகப் பின்னர் செய்திகள் வந்தன. டொராண்டோ பகுதியின் பெயர் பெற்ற அரசுக் கல்லூரிகளின் பெயரில் அட்மிஷன் கடிதங்கள் தயாராயின. விசாவும் வந்தது. மாணவர் டொராண்டோவில் இறங்கியதும் ஏஜென்டிடமிருந்து போன் வரும்: அந்தக் கல்லூரியில் இடம் நிரம்பிவிட்டது, ஒரு பருவம் காத்திரு, அல்லது வேறு கல்லூரியில் சேர்ந்துகொள். கல்லூரிக் கட்டணத்தை அவர் திருப்பியும் கொடுத்தார். பணமே கைக்கு வந்துவிட்ட பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? மாணவர்கள் வேறு கல்லூரியில் சேர்ந்து, படித்து, சான்றிதழ் வாங்கி, வேலைக்கும் போனார்கள்.

அவர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். விசா விண்ணப்பத்தில் ஏஜென்ட் என்ற முறையில் தன் பெயரைப் போடவில்லை. யாராவது பிரதிநிதி மூலம் விண்ணப்பித்தால் அதைத் தெரிவிக்கத் தனிப் படிவமே இருக்கிறது. அதைத் தவிர்த்து, மாணவரே விண்ணப்பித்தது போலக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு விசாரணை வந்தபோது காகிதத்தில் ஏஜென்ட் இல்லை, மாணவர் மட்டுமே இருந்தார்.

குட்டு உடைந்தது நிரந்தர வசிப்புரிமைக்கு மாணவர்கள் விண்ணப்பித்தபோதுதான். 'பி.ஆர்.' என்று பஞ்சாப் கிராமங்களில் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த அந்த அந்தஸ்துக்காகப் பழைய ஃபைலை அதிகாரிகள் முதலிலிருந்து புரட்டினார்கள். முதல் அட்மிஷன் கடிதத்தைக் கல்லூரியிடம் கேட்டார்கள். இப்படி ஒரு கடிதமே நாங்கள் கொடுக்கவில்லை என்று பதில் வந்தது.

கனடாவின் குடியேற்றம் மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு, தவறான தகவல் தந்தவர்களை வெளியேற்றவும், 5 ஆண்டுகள் நாட்டுக்குள் வராமல் தடுக்கவும் வழி செய்கிறது. விண்ணப்பத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் விண்ணப்பதாரரே பொறுப்பு என்பது அந்நாட்டு நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் நிலை. ஏஜென்ட் செய்தது, எனக்குத் தெரியாது என்ற பதில் மிக அரிதாகவே எடுபடுகிறது. கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாமே என்பது அதிகாரிகளின் கேள்வி. 18 வயதில், வெளிநாட்டுக் கல்லூரியை விளம்பரப் பலகையில் மட்டுமே பார்த்த கிராமத்துப் பிள்ளைக்கு அப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாது என்பது மாணவர் தரப்பின் பதில்.

2023 மே மாத இறுதியில் மாணவர்கள் டொராண்டோ அருகே மிசிசாகாவில் எல்லைச் சேவை அலுவலகத்தின் முன் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இரவும் பகலும் அங்கேயே தங்கினார்கள். கனடாவில் உள்ள பஞ்சாபிகள் திரண்டு வந்து துணை நின்றார்கள். இந்திய வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கரும், நல்லெண்ணத்தோடு படித்தவர்களைத் தண்டிப்பது நியாயமில்லை, ஏமாற்றியவர்கள் மீதுதான் நடவடிக்கை வேண்டும் என்று கூறினார்.

ஜூன் 14-ம் தேதி கனடா அரசு இறங்கி வந்தது. உண்மையாகவே படிக்க வந்தவர்கள் வெளியேற்றப்பட மாட்டார்கள், அவர்களுக்குத் தற்காலிகத் தங்கும் அனுமதி தரப்படும், ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாக ஆராயக் குழு அமைக்கப்படும் என்று அப்போதைய குடியேற்ற அமைச்சர் ஷான் ஃப்ரேசர் அறிவித்தார். அக்டோபர் வரை அந்தக் குழு 103 வழக்குகளைப் பார்த்து முடித்திருந்தது. 63 பேர் நிஜமான மாணவர்கள் என்றும் 40 பேர் அப்படியில்லை என்றும் முடிவாயிற்று. எல்லாரும் அப்பாவிகளும் அல்ல, எல்லாரும் குற்றவாளிகளும் அல்ல.

ஏஜென்ட்? அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குள் நுழைய முயன்றபோது அதே ஜூன் மாதம் பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2024-ல் வான்கூவர் நீதிமன்றம் அவருக்கு விதித்த தண்டனை 3 ஆண்டுகள். போலிக் கடிதம் கொண்டுவந்த மாணவருக்கு விதிக்கப்படும் தடைக் காலத்தைவிட இது 2 ஆண்டுகள் குறைவு.

இது கனடாவில் மட்டும் நடந்த கதையல்ல. அமெரிக்காவில் 2011 ஜனவரியில் கலிபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகத்தில் சோதனை நடந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள், பெரும்பாலும் ஆந்திராவைச் சேர்ந்தவர்கள், நடுத்தெருவில் நின்றார்கள். அங்கே விசா நிஜம், அதற்கான ஐ-20 படிவமும் நிஜம், பல்கலைக்கழகம்தான் பெயரளவுக்கு இருந்தது. சில மாணவர்களின் காலில் அவர்கள் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் மின்னணுப் பட்டையை மாட்டினார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்திய பெண்மணிக்கு 2014-ல் 16 ஆண்டுச் சிறை கிடைத்தது.

இந்தியாவில் இந்த ஏஜென்ட்களைக் கேட்பார் யார்? வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்கு 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் உரிமம் தேவை. படிப்புக்கு அனுப்புகிறவர்களை அந்தச் சட்டம் தொடுவதில்லை. பஞ்சாப் 2012-ல் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. விசா ஆலோசனை நிலையங்களும் பயிற்சி மையங்களும் மாவட்ட நிர்வாகத்திடம் உரிமம் பெற வேண்டும் என்கிறது அது. ஆனால் உரிமம் இருப்பதாலேயே கடிதம் அசலாகிவிடாது. பிடிபட்டவரின் நிலையமும் ஜலந்தரில் எல்லாரும் பார்க்க நடந்துகொண்டிருந்ததுதான். மாணவர்களைச் சேர்த்துவிடும் ஏஜென்ட்களுக்கு வெளிநாட்டுக் கல்லூரிகளே கட்டணத்தில் ஒரு பங்கைக் கமிஷனாகத் தருகின்றன. ஆகவே ஆலோசனை இலவசம் என்று பலகை போடும் இடத்தில்கூட, ஏஜென்டின் வருமானம் மாணவர் எங்கே சேருகிறார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

இந்த விவகாரத்துக்குப் பிறகு கனடா விழித்துக்கொண்டது. 2023 டிசம்பர் 1 முதல், அட்மிஷன் கடிதம் தங்களுடையதுதான் என்று கல்லூரியே 10 நாட்களுக்குள் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். அடுத்த ஆண்டில் இப்படிச் சரிபார்த்தபோது சந்தேகத்துக்குரிய கடிதங்கள் 10,000-க்கும் மேல் தட்டுப்பட்டன. ஆனால் அப்பாவிகளுக்கும் கதவு ஒடுங்கிவிட்டது. 2024 ஜனவரியில் அனுமதிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்தது. செலவுக்காகக் காட்ட வேண்டிய தொகை 10,000 டாலரிலிருந்து 20,635 ஆகவும், 2025 செப்டம்பரில் 22,895 டாலராகவும் உயர்ந்தது. அதாவது கல்லூரிக் கட்டணமும் விமான டிக்கெட்டும் போக, சுமார் 14 லட்சம் ரூபாய். இந்திய மாணவர்கள் பெரிதும் நம்பியிருந்த துரித விண்ணப்ப வழி 2024 நவம்பர் 8-ம் தேதி மூடப்பட்டது. 2023 ஆகஸ்டில் கல்லூரிப் படிப்புக்கு விண்ணப்பித்த இந்தியர்களில் 100-க்கு 32 பேர் நிராகரிக்கப்பட்டார்கள். 2025 ஆகஸ்டில் 74 பேர்.

இவ்வளவு நெருக்கடியில் 'கேரண்டி' தருகிற ஏஜென்டைத் தேடும் ஆசை பெற்றோருக்கு அதிகரிக்கவே செய்யும். அங்கேதான் ஆபத்து. விசா தருவது அந்த நாட்டின் அதிகாரி மட்டுமே. அவர் முடிவுக்கு வேறு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இந்த மாணவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய காரியங்கள் எல்லாமே செலவில்லாதவை. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரிகளின் பட்டியலை கனடா அரசே வெளியிடுகிறது. கடிதத்தில் உள்ள கல்லூரி அதில் இருக்கிறதா என்று எவரும் பார்க்கலாம். கல்லூரியின் முகவரியை ஏஜென்ட் தந்த காகிதத்திலிருந்து எடுக்காமல் கல்லூரியிடமிருந்தே பெற்று, கடிதத்தில் உள்ள மாணவர் எண்ணைக் குறிப்பிட்டு, இந்த இடம் எனக்குத் தரப்பட்டதுதானா என்று இரண்டு வரி எழுதிக் கேட்கலாம். கட்டணத்தை ஏஜென்ட் கையில் கொடுக்காமல் கல்லூரியின் கணக்கிலேயே கட்டலாம். விசா விண்ணப்பக் கணக்கை மாணவர் தன் பெயரில், தன் கடவுச்சொல்லில் தானே திறக்கலாம். ஏஜென்ட் உதவினால் அவர் பெயரும் படிவத்தில் இருக்கட்டும். பெயர் போடத் தயங்குகிற ஏஜென்டை விட்டு அப்போதே விலகலாம். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து ஒரு நகலை வீட்டில் வைக்கலாம். போய் இறங்கியதும் அந்தக் கல்லூரியில் இடமில்லை என்று போனில் சொன்னால், அதை அந்தக் கல்லூரி அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்கலாம்.

இந்தக் கடைசிக் காரியத்தை அன்று டொராண்டோவில் ஒரு பஸ் பிடித்துப் போய்ச் செய்திருந்தால், பொய் முதல் வாரத்திலேயே வெளிப்பட்டிருக்கும். அப்போது பணம் போயிருக்கும், ஒரு வருடம் வீணாகியிருக்கும். நான்கைந்து ஆண்டுகள் உழைத்து எழுப்பிய வாழ்க்கை ஆட்டம் கண்டிருக்காது. கையெழுத்துப் போடும் பேனாவை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, பொறுப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்வதுதான் இந்த வியாபாரத்தில் மாணவருக்குக் கிடைக்கும் பங்கு. தல்ஹனில் பொம்மை விமானம் வைத்துவிட்டு வீடு திரும்பும் பெற்றோர், அன்று இரவே அந்த அட்மிஷன் கடிதத்தையும் ஒருமுறை எடுத்து, அதில் உள்ள கல்லூரிக்கு எழுதிக் கேட்டுவிட்டால் நல்லது.