பத்துக்குப் பிறகு - 7: மகளிடம் கேட்டீங்களா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள், சங்ககிரியில் லாரித் தொழில் செய்யும் நண்பர் மகளோடு வந்தார். “பயோ-மேத்ஸ் எடுத்தா படிக்கறதுக்கு ஜாஸ்தியாயிருமுங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்புல போட்டா மார்க்கு நல்லா வருமுங்களா?” என்றார். மகள் வாய் திறக்கவில்லை. சேலம், நாமக்கல் வீடுகளில் ஆண்டுதோறும் எழும் கேள்விதான்.

கணக்கைப் பார்ப்போம். பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் மொத்தம் 200. கணித மதிப்பெண் முழுதாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகவும் சேரும். கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90 என்றால் 92 + 44 + 45 = 181. நான்காவது பாடம் உயிரியலா, கணினி அறிவியலா என்பது அந்தக் கணக்கில் வராது. பொறியியல்தான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு உயிரியலைச் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் மதிப்பெண்ணோடு, எவ்வளவு கடினமான பாடங்களை எடுத்துப் படித்தார் என்பதையும் பார்க்கின்றன. நம் கலந்தாய்வில் அதற்கு இடமில்லை. ஆகவே இங்கே குரூப்பை முடிவுசெய்ய வேண்டியது பிள்ளையின் விருப்பம்.

“நீ என்னம்மா படிக்கணும்?” என்று மகளைக் கேட்டேன். “வெட்னரி டாக்டருங்க” என்றாள், அப்பாவைப் பார்த்துக்கொண்டே. நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். ஆனால் உயிரியல் படித்திருக்க வேண்டும். மார்க்குக்காகக் குரூப்பை மாற்றியிருந்தால், அவள் ஆசைப்பட்ட படிப்பு அன்றே கைவிட்டுப் போயிருக்கும்.

இன்னொன்றும் சொன்னேன். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு ஆண்டு உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகள் நம் பகுதியில் இருந்தன. 2007 முதல் மாநில நுழைவுத் தேர்வும் இல்லாததால், பிளஸ் டூ மார்க்கே எல்லாமாக இருந்தது. 2017இல் நீட் வந்தது; அது இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் கேட்டது. ஜேஇஇயும் அப்படித்தான். ஐஐடிக்குப் பொதுப் பிரிவு மாணவர் பிளஸ் டூவில் 75 சதவீதம் வாங்கினால் தகுதி வந்துவிடும். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மார்க்கும் ஜேஇஇ ரேங்க்கை ஒரு படிகூட உயர்த்தாது.

பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டும் குறையைத் தீர்க்க 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அந்த மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கிடையாது என்று 2018இல் மாற்றினார்கள். 2025-26 முதல் அந்தத் தேர்வே இல்லை. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று கவனிக்கும் பொறுப்பு இனி பெற்றோருடையது.

பள்ளியில் சேர்க்கும்போது தேர்ச்சி விகிதத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். “பதினொன்னாவது புத்தகத்தை எந்த மாசம் முடிப்பீங்க?” என்று கேளுங்கள். டிசம்பரில் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், எந்தப் பாடம் பிடிக்கும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். என் நண்பர் கேட்க மறந்தது அது ஒன்றைத்தான்.

(தொடரும்)